குறுமரமும் அறமும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியைத் தமிழ் பயிலும் பிள்ளைகள் யாவரும் அறிவர். மலைச்சாரலில் மயிலைக் கண்டான். அது குளிரால் நடுங்குகின்றது என்று எண்ணினான். தன் போர்வையை எடுத்து அதன்மீது போர்த்தினான் என்று நாம் கதை சொல்கின்றோம். மயில் அதனை உடுத்தாது என்பதை அறிந்திருந்தும் அவன் ஈந்தான் என்று பரணர் புறநானூற்றில் ஒருபடி மேலே சென்று பாராட்டுகின்றார். பயன் கருதாத ஈகையை வியந்து போற்றுவது நம் மரபு. அம்மரபை நானும் வணங்குகின்றேன்.

எனினும், வகுப்பறையில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வினா என் உள்ளத்தின் ஓரத்தில் நின்றதுண்டு. பேகனின் போர்வையால் மயிலுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆதலால் நாம் கொடுத்தவன் உள்ளத்தை மட்டும் பார்த்து மகிழ்கின்றோம். ஆனால், அன்பினால் நாம் போர்த்தும் போர்வை போர்த்தப்பட்ட உயிரின் மூச்சை அடைக்குமானால், அப்போதும் அது அருள்தானா? ‘நல்லெண்ணத்தோடுதான் செய்தேன்’ என்னும் சொல் நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமா? இவ்வினாவிற்கு விடை தேடும்படி என்னைத் தூண்டியது நூலன்று; ஒரு சாண் உயரமுள்ள மரம்.

என் அண்ணன் மகள் கனடா நாட்டில் டொரொன்டோ நகரில் வாழ்கின்றாள். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அவள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வெளியே பனி, மரங்கள் இலையின்றி நின்றன. கண்ணுக்குப் பசுமையாக ஏதேனும் அவள் கூடத்தில் இருக்கட்டும் என்று கருதி, ஒரு கடையில் போன்சாய் மரமொன்றை வாங்கிக் கொடுத்தேன். ஆழமில்லாத தட்டத்தில் நூறாண்டு மரம்போல் வளைந்து நின்ற ஜூனிபர் அது. அதன் வடிவில் மயங்கினேனேயன்றி, அதன் இயல்பு யாது என்று கடைக்காரரிடம் ஒரு சொல் கேட்டேனில்லை. அவளோ அதனைக் கைக்குழந்தைபோல் காத்தாள். குளிர்ந்துவிடப் போகின்றதே என்று வெப்பமூட்டும் கருவியின் அருகில் வைத்தாள். நாள்தோறும் நீர் வார்த்தாள். மரம் பச்சைப் பசேலென்று இருந்தது. மார்ச்சு மாதத்தில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. “சித்தப்பா, நேற்றுவரை பச்சையாகத்தான் இருந்தது. இன்று தொட்டேன், இலையெல்லாம் பொடிப்பொடியாக உதிர்கின்றது. நான் என்ன தவறு செய்தேன்?” என்று கேட்டாள்.

அறிந்தவர்களிடம் கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. ஜூனிபர் மரம் இறந்த பின்னும் பல வாரங்கள் தன் பசுமையை இழப்பதில்லை. அவள் நேற்றுவரை நீர் வார்த்தது ஒரு பிணத்திற்கு. அதன் பசுமையைக் கண்டு அது வாழ்கின்றது என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்த நாட்களில் அதன் உயிர் என்றோ பிரிந்திருந்தது. தவறு செய்தவள் அவளல்லள், நான்.

போன்சாய் என்பது ஜப்பானியச் சொல். தட்டத்தில் நட்டது என்பது அதன் பொருள். குறுமரம் என்று நாம் தமிழில் வழங்கலாம். இக்கலை சீனத்தில் பிறந்தது. 706ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாங் அரச மரபினர் ஒருவரின் கல்லறைச் சுவரில், சிறு மரங்கள் நட்ட தட்டத்தைப் பணியாளர் ஏந்தி நிற்கும் ஓவியம் இன்றும் உள்ளது. அங்கிருந்து ஜப்பான் சென்று, அங்கிருந்து உலகெங்கும் பரவிய இக்கலை, குளிர்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தபோது ஒரு சிக்கலையும் உடன் கொண்டு சென்றது. ஆண்டில் நான்கு, ஐந்து மாதங்கள் மனிதரே வெளியில் நிற்க இயலாத நாட்டில், கண்முன் ஒரு மரம் இருக்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. எந்த மரத்தை வீட்டிற்குள் வைப்பது என்பதே சிக்கல்.

‘என்றும் பசுமையான மரம்’ என்ற தொடரே நம்மை முதலில் ஏமாற்றிவிடுகின்றது. பைனும் என்றும் பசுமை; ஆலும் என்றும் பசுமை. ஆனால், இரண்டின் உள்ளியல்பும் வேறு. பைன், ஜூனிபர் முதலிய குளிர்நாட்டு மரங்கள் இலையை உதிர்ப்பதில்லையாயினும் குளிர்காலத்தில் உறங்குகின்றன. பகல் குறுகுவதையும் குளிர் மிகுவதையும் உணர்ந்து அவை தம் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. பல வாரக் குளிரைக் கடந்த பின்னரே அவற்றின் மொட்டுகள் முறையாக விழித்தெழும். அவ்வுறக்கத்தை மறுத்து, 20 பாகை வெப்பமுள்ள கூடத்தில் அவற்றை விழித்திருக்கச் செய்தால், அவை நலிந்து, ஓரிரு ஆண்டுகளில் மடியும். வறண்ட காற்றும் குறைந்த ஒளியும் சேர்ந்தால் ஒரு குளிர்காலமே போதும். நாம் ‘பாவம், குளிருமே’ என்று இரங்கி உள்ளே கொண்டுவந்த மரத்திற்குக் குளிரே மருந்தாக இருந்தது!

இதற்கு ஒரு பெருஞ்சான்று வாஷிங்டன் நகரில் நிற்கின்றது. அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1976இல் ஜப்பானியர் 53 குறுமரங்களை அந்நாட்டிற்குப் பரிசளித்தனர். அவற்றுள் ஒன்று மசாரு யமாக்கி என்னும் கலைஞர் அளித்த வெண்பைன். 1625ஆம் ஆண்டு முதல் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட மரம் அது. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்த யமாக்கியின் தோட்டத்தில் அது நின்றது, அழியாது பிழைத்தது. இச்செய்தி அக்குடும்பத்தார் 2001இல் அங்கே வந்து கூறிய பின்னரே அமெரிக்கர்களுக்குத் தெரிந்தது. அணுகுண்டிற்குத் தப்பிய அம்மரத்தைக் குளிர்காலத்தில் எவரும் வெப்பமான அறையில் வைப்பதில்லை. கடுங்காற்று வேரைத் தாக்காமல் காப்பளித்து, குளிரிலேயே உறங்க விடுகின்றனர். குண்டு செய்யாததை நம் கூடத்தின் கதகதப்பு செய்துவிடும் என்பதை அவர்கள் அறிவர்.

அதே அருங்காட்சியகத்தில் வெப்பநாட்டு மரங்களுக்கெனத் தனியே ஒரு கண்ணாடி இல்லம் உண்டு. ஹவாய்த் தீவின் குறுமரக் கலைஞர் ஹருவோ கனெஷிரோவின் பெயரை அது தாங்கியுள்ளது. ஒரே கூரையின்கீழ் ஒன்றிற்குக் குளிர், மற்றொன்றிற்கு வெப்பம். எல்லா உயிர்க்கும் ஒரே வகையில் அன்பு காட்டுவது சமன்மை ஆகாது. அவ்வவ்வுயிர்க்கு வேண்டுவதை அறிந்து அளிப்பதே சமன்மை என்பதை அவ்விடம் சொல்லாமல் சொல்கின்றது.

அவ்வாறாயின், குளிர்நாட்டு வீட்டிற்குள் வாழத்தக்க மரம் எது? குளிர்கால உறக்கம் என்பதையே அறியாத நம் வெப்பமண்டல மரமே. நமக்குக் குளிர்காலம் என்பது சொல்லளவில் மட்டுந்தான். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களைத் தோட்டத்துத் துரைமார் ‘விண்டரிங்’ என்று குறித்தனர். நாம் கண்ட குளிர்காலம் அவ்வளவே. அந்த ரப்பர் மரமும் ஒருகால் குளிர்நாட்டுக் கூரையின்கீழ் முளைத்ததுதான் என்பதை நினைவுகூரலாம். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்ற விதைகள் அங்கே கண்ணாடி இல்லத்தில் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் கியூவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. வெப்பநாட்டுக் கன்றுக்குக் குளிர்நாட்டில் எது தேவையோ அதனை அறிந்து அளித்தவர் இருந்தமையால், நம் முன்னோர் வாழ்வையே மாற்றிய மரம் இம்மண்ணை வந்தடைந்தது.

வெப்பமண்டல மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை. வீட்டிற்குள் வெப்பம் உண்டு. ஆனால் ஒளி குறைவு, ஈரம் குறைவு. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரம். டொரொன்டோவில் டிசம்பர் இறுதியில் பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரமே. நம் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். வெப்பமூட்டிய அவ்வீடுகளின் காற்றோ நம் உதடுகளையே வெடிக்கச் செய்யும். எனவே, மரத்தை அறிவதற்கு முன் வீட்டை அறிய வேண்டும். வீட்டை அறிவதற்கு முன் தன்னை அறிய வேண்டும். என் சன்னல் எத்திசை நோக்கியது? நாள்தோறும் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கு உண்டா? விடுமுறைக்கு இரு வாரம் வெளியூர் சென்றால் நீர் வார்ப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடை கூறிய பின்னரே மரத்தின் பெயரைச் சொல்லலாம்.

அவ்வகையில் முதலிடம் பெறத்தக்கது, மலாய்க்காரர் ஜெஜாவி என்று வழங்கும் சீன ஆல். இந்தியா, இலங்கை முதல் நம் தீபகற்பம் வழியாக ஆஸ்திரேலியா வரை இயற்கையாக வளர்வது. பழங்கட்டடச் சுவரின் வெடிப்பிலும் வேரூன்றும் அதன் மனவுறுதியை நாம் அறிவோம். வெட்டினால் ரப்பரைப்போல் பால் கசியும். ஆயினும் காயம் விரைவில் மூடும். வறண்ட காற்றையும் ஒரு சிறு மறதியையும் பொறுக்கும். அதன் உறவாகிய பெரிங்கின் என்னும் மரமும் அழகியது. ஆனால் இடம் மாற்றினால் சினங்கொண்டதுபோல் இலைகளைக் கொட்டிவிடும். தைவானையும் ஹைனானையும் தாயகமாகக் கொண்ட குட்டைக் குடைமரம் ஒளி குறைந்த அறையிலும் வாழும். எனினும் கம்பி சுற்றி வளைப்பதற்கு இணங்காது. வெட்டி வெட்டித்தான் அதற்கு வடிவம் தர வேண்டும்.

மறுபுறம், கண்ணைக் கவர்பவை வேறு சில. கெமுனிங் மரத்தை எடுத்துக்கொள்வோம். கிரிஸ் வாளின் கைப்பிடிக்கு மலாய்க் கைவினைஞர் விரும்பித் தேர்ந்த மரம் அது. வெண்பூவின் மணம் வீட்டையே நிறைக்கும். தமிழகத்தில் குரங்கு வெற்றிலை என்று பெயர் பெற்ற புதர்மரம் மற்றொன்று. சிற்றிலையும் வெண்பூவும் செங்கனியுமாகக் குறுமரத்திற்கென்றே பிறந்தது போன்றது. ஆனால், இவ்விரண்டும் நல்ல ஒளியையும் ஈரக்காற்றையும் கேட்கும். தெற்கு நோக்கிய சன்னலோ, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் எரியும் விளக்கோ இல்லாதவர் இவற்றை வாங்குவது, உணவளிக்க இயலாதவர் விருந்தினரை அழைப்பது போன்றது. அழகு நம் தேவை. ஒளி மரத்தின் தேவை. இரண்டும் மோதும்போது எதனை முன்வைக்கின்றோம் என்பதிலேயே நம் அன்பின் தரம் தெரியும்.

இங்கே ஒரு தடை எழலாம். ஓங்கி வளர வேண்டிய ஆலமரத்தைத் தட்டத்தில் அடக்குவதே கொடுமையன்றோ? அதில் நல்ல மரம், தீய மரம் என்று தேர்வு என்ன? தொல்காப்பியர் மரத்தையும் ஓரறிவுயிர் என்றார். உயிரைக் கம்பியால் கட்டலாமா?

இத்தடையை எளிதில் ஒதுக்க இயலாது. நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயினும், வேரைச் சிறிது வெட்டிப் புது மண்ணில் மாற்றி நடும்போது புதிய வேர்கள் தோன்றி மரம் மீண்டும் இளமை பெறுகின்றது. இத்தாலியில் மிலான் நகரை அடுத்த பராபியாகோவில் லூயிஜி கிரெஸ்பி அமைத்த அருங்காட்சியகத்தில், ஆயிரம் ஆண்டு வயதுடையதாகச் சொல்லப்படும் ஓர் அத்தியின மரம் குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூரையின்கீழ் வாழ்ந்து வருகின்றது. சிறுமைப்படுத்துவது மட்டுமே நோக்கமாயின் ஓர் உயிர் அங்ஙனம் நீடித்திருக்க இயலாது.

கொடுமை வேறிடத்தில் உள்ளது. நிலத்தில் நிற்கும் மரம் நீரைத் தேடித் தன் வேரை நெடுந்தொலைவு அனுப்பும். தட்டத்தில் நிற்கும் மரம் வேரை எங்கே அனுப்பும்? அதற்கு ஆறும் மழையும் கதிரவனும் நாமே. சுற்றிய கம்பியை உரிய காலத்தில் அவிழ்க்க மறந்தால் அது பட்டையில் புதைந்து ஆறாத வடுவாகும். ஆகவே வடுவைத் தருவது கம்பியினும் மறதியே. ஓர் உயிரின் விடுதலையைக் குறைத்தவன் அக்குறையைத் தன் கவனத்தால் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். அக்கடமையை ஏற்க இயலாதவன் அவ்வுயிரை ஏற்காதிருப்பதே அறம். ‘வேண்டாம்’ என்று கடையிலேயே திரும்புவதும் ஒருவகை அருள்தான்.

மனிதர் துன்புறும் உலகில் ஒரு மரத்திற்கு இத்துணை ஆராய்ச்சியா என்று கேட்போரும் உண்டு. ஜப்பானிய நோ நாடகங்களுள் ‘ஹாச்சி நோ கி’ என்பது ஒன்று. பனி கொட்டும் இரவில் வறியவனான வீரனொருவன் வீட்டிற்கு ஒரு துறவி வருகின்றார். குளிர்காய விறகில்லை. தன் செல்வ நாட்களின் எச்சமாகப் பேணிவந்த மூன்று தொட்டி மரங்களை, பிளம், செர்ரி, பைன் ஆகியவற்றை, வெட்டி எரித்து விருந்தினரைக் காக்கின்றான் அவன். வந்தவர் மாறுவேடத்தில் உலாவிய ஆட்சியாளர் ஹோஜோ தொக்கியோரி என்பது பின்னர் விளங்குகின்றது. மனித உயிர் பெரிது என்பதை அவ்வீரன் ஐயமின்றி அறிந்திருந்தான். ஆனால், அந்த ஈகைக்குப் பெருமை எங்கிருந்து வந்தது? அம்மரங்களை அவன் உண்மையாகப் பேணியிருந்ததிலிருந்தே வந்தது. சிறிய உயிரைக் கவனித்துப் பழகிய கையே பெரிய உயிருக்காக அதனை இழக்கவும் அறிந்த கை.

ஆசிரியப் பெருமக்களே, இதுவரை மரத்தைப் பற்றியே பேசினேன். ஆனால், ஜூனிபர் இறந்த செய்தி கேட்ட அன்றிரவு என் நினைவில் வந்தது மரமன்று, ஒரு மாணவன். பல்லாண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் பயின்றவன். வாய் பேசாதவன், பழுதான வானொலியைப் பிரித்துப் பூட்டுவதில் வல்லவன். அவன் குரல் நன்றாயிருக்கின்றது என்று கண்டு, பேச்சுப் போட்டிக்கு அவனை ஆயத்தம் செய்தேன். நாள்தோறும் மாலையில் நிறுத்தி வைத்தேன். கைகளை எங்கே உயர்த்துவது, குரலை எங்கே தாழ்த்துவது என்று பயிற்றினேன். அவன் ஒருநாளும் மறுக்கவில்லை. போட்டியில் பரிசும் பெற்றான். மறு ஆண்டு அவன் தமிழ்ப் பாடத்தையே எடுக்கவில்லை. அவன் தாயார் மட்டும் என்னிடம் வந்து, “மேடை என்றாலே அவனுக்கு இரவில் உறக்கம் வருவதில்லை, ஐயா. உங்களிடம் சொல்ல அஞ்சினான்” என்றார்.

அவனுடைய பணிவை நான் ஆர்வம் என்று எண்ணிக்கொண்டேன். பசுமையைக் கண்டு உயிர் என்று நம்பியதைப்போல. என் நோக்கத்தில் மாசில்லை. தமிழுக்கு ஒரு நாவலனை ஆக்கித்தரவே விரும்பினேன். ஆயினும், என் விருப்பத்தின் வடிவை முதலில் வரைந்துகொண்டு, அதற்கு ஏற்ற உயிரைத் தேடினேன். அவன் இயல்பை முதலில் அறிந்திருந்தால், வானொலியின் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் சொல்லும்படி கேட்டிருப்பேன். அவன் தமிழோடு இருந்திருக்கக்கூடும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது என்னால் இயன்ற விடை இதுவே: நல்லெண்ணம் அறத்தின் விதை, அதுவே அறமாகாது. எவர்மீது அன்பு செலுத்துகின்றோமோ அவரது இயல்பை அறியும் முயற்சியும், அவருக்கு வேண்டியதை நாள்தோறும் அளிக்கும் உழைப்பும் சேர்ந்தாலன்றி அவ்விதை முளைப்பதில்லை. அறிய வாய்ப்பிருந்தும் அறியாமல் செய்த தீமைக்கு அன்பு சான்று கூறலாம். விடுதலை வாங்கித்தர இயலாது.

மறு ஆண்டு அண்ணன் மகள் மீண்டும் ஒரு மரம் வேண்டினாள். இம்முறை கடைக்குச் செல்வதற்கு முன் அவள் வீட்டுச் சன்னல்களைப் பற்றிக் கேட்டேன். தெற்குச் சன்னல் ஒன்று உண்டு என்றாள். ஜெஜாவியைத் தேர்ந்தோம். வீட்டிற்கு வந்த முதல் மாதத்தில் அது பாதி இலைகளை உதிர்த்தது. “இதுவும் போய்விட்டதா, சித்தப்பா?” என்று கலங்கினாள். கிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்கும்படி சொன்னேன். உள்ளே பச்சை இருந்தது. “பொறு, அது உன் வீட்டின் ஒளிக்குத் தக்கபடி புதிய இலைகளை உண்டாக்கிக்கொள்ளும்” என்றேன். மூன்று வாரங்கள் கழித்துக் கிளை நுனிகளில் சிறு முளைகள் தோன்றின.

இன்று அம்மரம் கோடையில் வெளித்திண்ணையில் நிற்கின்றது. இரவுக் குளிர் 10 பாகையை நெருங்கும் முன்னர் உள்ளே வருகின்றது. கூழாங்கல் பரப்பிய நீர்த்தட்டின்மேல் இருக்கின்றது. அவள் இப்போது நேரம் பார்த்து நீர் வார்ப்பதில்லை, விரலால் மண்ணைத் தொட்டு, அது கேட்டால் வார்க்கின்றாள், கேட்காவிட்டால் காத்திருக்கின்றாள். பேகனின் கையில் போர்வை இருந்தது. நம் கையிலும் ஏதோ ஒன்று எப்போதும் இருக்கின்றது. போர்த்துவதற்கு முன் ஒருமுறை தொட்டுப் பார்ப்போம்.